மேட்டுக்கொல்லைத் தீவின் போக்கும் வரத்தும்

நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதிக்குத் தீவு என்று பெயர். இப்படிப் பூகோளப் புத்தகத்தில் எழுதியவர், பாவம், ஒரகடம் பக்கம் வந்து பார்க்காமலே கண்ணை மூடியிருக்க வேண்டும். வந்திருந்தால் அடித்துத் திருத்தி எழுதியிருப்பார். தீவுக்கு நீர் அவசியமே இல்லை, சுவர் போதும். மனித குலத்துக்குத் தமிழ்நாடு அளித்த கொடைகளின் வரிசையில், கடல் இல்லாமலே தீவு செய்து காட்டிய இந்த அருஞ்சாதனை இன்னும் சேர்க்கப்படாமல் இருப்பது நம் சரித்திர ஆசிரியர்களின் சோம்பேறித்தனத்தைத்தான் காட்டுகிறது.

அந்தத் தீவின் பெயர் மேட்டுக்கொல்லை. வல்லம் வடகாலிலிருந்து கூப்பிடு தூரம். தொழிற்பேட்டைக்கென்று சுற்றுவட்டார வயல்களை எல்லாம் அரசாங்கம் எடுத்து, கார்க் கதவுக்குக் கைப்பிடி செய்கிற ஒரு கம்பெனிக்குக் கொடுத்தது. வயலை எடுத்தார்களே தவிர வீடுகளை எடுக்கவில்லை. வீடுகள் நின்ற மேடு ‘நத்தம்’. நத்தத்தை எடுத்தால் வேறிடத்தில் வீடு கட்டித் தர வேண்டும், அது பெரிய ரோதனை. ஆகவே அதிகாரிகள் பெரிய மனசு பண்ணி அதை விட்டுவிட்டார்கள். ஊரைச் சுற்றிக் கம்பெனி வந்தது. கம்பெனியைச் சுற்றிச் சுவர் வந்தது. ஊர் உள்ளே இருந்தது.

மெயின் ரோட்டுக்குப் போகும் வண்டிப்பாதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது ரெக்கார்டில் ‘புறம்போக்கு’. புறத்தே போகிற வழிக்குத்தான் அந்தப் பெயர் என்று ஊரார் அதுவரை நம்பிக்கொண்டிருந்தார்கள். புறத்தே போய்விட்ட வழி என்பது சுவர் எழும்பிய பிறகு விளங்கியது.

இந்த முன்னேற்றத்தை முதலில் புரிந்துகொண்டு பாராட்டியவர் மண்ணாங்கட்டி. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால், யமன் இதை ஒரு பொருட்டாக மதிக்காமல் தாண்டிப் போகட்டும் என்று பெற்றவர்கள் வைத்த பெயர். யமன் ஏமாந்தான். நில எடுப்பு அதிகாரிகள் ஏமாறவில்லை. வயல் போன பிறகு ஊர் விடலைகள் “மண்ணு பூட்ச்சு, கட்டி மட்டும் கீது” என்று அவர் காதுபடவே பேசினார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேறு பெருமை கிடைத்திருந்தது. நிலம் அளக்க வந்த சர்வேயருக்குச் சங்கிலி பிடித்தபோது, சர்வேயர் வரைபடத்தில் ஊர் மேல் விரலை வைத்து “இது ஐலேண்டு” என்று சொன்னதை அவர் தன் காதால் கேட்டார்.

“ஐலேண்டுன்னா இன்னா சார்?”

“தீவு.”

மண்ணாங்கட்டிக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த ஊர் ஒரு தீவு என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. அன்றிலிருந்து வல்லத்து டீக்கடையில் அவர் உட்கார்ந்த தோரணையே வேறு.

“கெளம்பறேன்பா. நாங்க தீவுக்காரங்க. நேரத்துக்குப் போவலன்னா உள்ள உடமாட்டான்.”

“இன்னாண்ணே, அந்தமானா?” என்று டீ ஆற்றுகிறவன் கேட்டான்.

“அத்தவிட ஸ்ட்ரிக்டு.”

அது உண்மை. தீவுக்குத் துறைமுகம் கம்பெனியின் இரண்டாவது கேட். துறைமுகத் தலைவர் செக்யூரிட்டி ஆபீசர் கோமதிநாயகம். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லையில் அவர் காத்த கண்டிப்பை இங்கே கேட்டில் காத்தார். வேலைக்காரர்களுக்கு அடையாள அட்டை உண்டு. அது இல்லாதவர்கள் எல்லாரும் ‘விசிட்டர்’. ஆகவே மேட்டுக்கொல்லையில் பிறந்து வளர்ந்தவர்கள் சொந்த வீட்டுக்கே விருந்தாளிகளாகும் பாக்கியத்தைப் பெற்றார்கள். முதல் நாள் மண்ணாங்கட்டி வெளியே போய்விட்டு வீடு திரும்பியபோது நடந்த விசாரணை, பிற்காலத்தில் ஊர்ப் பிள்ளைகள் நாடகமாகப் போட்டு விளையாடும் அளவுக்குப் புகழ் பெற்றது.

“யாரைப் பாக்கணும்?”

“பாப்பம்மாள.”

“என்ன விஷயமா?”

“எம் பொண்டாட்டி சார்.”

“அது உறவு. விஷயம் என்னன்னு கேக்கேன்.”

மண்ணாங்கட்டி யோசித்தார். அதுவரை அவர் காரணம் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதில்லை. “சோறு துன்னணும். அப்பால படுக்கணும்.”

“அபிஷியலா, பர்சனலா?”

“சோறு அபிசியலு சார். படுக்கறது பர்சனலு.”

கோமதிநாயகம் அதை அப்படியே எழுதிக்கொண்டு, கழுத்தில் ஒரு பாஸும் தலையில் மஞ்சள் ஹெல்மெட்டும் மாட்டி அனுப்பிவைத்தார். தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு உள்ளேயே நடக்க வேண்டும் என்பது அடுத்த விதி. கிடுகிடுவென்று நாகரிகம் வளர்ந்தது. ஹெல்மெட் மேல் விறகுக்கட்டை வைத்தால் சும்மாடு தேவையில்லை என்று பாப்பம்மாள் கண்டுபிடித்தாள். எருமைகளின் கொம்பில் இருட்டில் மின்னும் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. வளாகத்துக்குள் வேகமாகப் போகக்கூடாது என்ற பலகையை மாட்டு வண்டிகள் ஒரு தடவைகூட மீறவில்லை என்று கம்பெனி ஆண்டறிக்கையில் பெருமையாக எழுதினார்கள்.

தரச் சான்றிதழ் கொடுக்க ஆடிட்டர்கள் வந்த சமயத்தில்தான் ஊர் உச்சத்தைத் தொட்டது. வளாகத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அது என்ன என்று பெயர்ப்பலகை இருக்க வேண்டுமாம், ஜப்பான்காரன் முறை. மேட்டுக்கொல்லையும் வளாகத்துக்கு நடுவில் இருந்ததால் ஜப்பான்காரன் அங்கேயும் வந்தான். எருக்குழிக்கு ‘நடப்பில் உள்ள பணி’ என்று பலகை வைத்தார்கள். கோழிகளுக்கு ‘நகரும் சொத்து’. கட்டிலில் படுத்துக் கிடந்த மண்ணாங்கட்டியின் பெரியப்பாவுக்கு ‘தற்சமயம் உபயோகத்தில் இல்லை’ என்று ஒட்டிவிட்டுப் போனார்கள். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்த பெரியப்பா, தன்னைப் பற்றி இவ்வளவு மரியாதையாக மருமகள்கள்கூடச் சொன்னதில்லை என்றார்.

ஆனால் இந்த நாகரிகத்தின் மணிமகுடம் என்று எதைச் சொல்லலாம் என்றால், பொருள் வெளியே போகும் சீட்டைத்தான் சொல்ல வேண்டும். கேட்டைத் தாண்டி ஒரு பொருள் வெளியே போனால் அது இரண்டே வகை. திரும்பி வரும் என்றால் ‘ரிட்டர்னபிள்’. திரும்பி வராது என்றால் ‘நான்-ரிட்டர்னபிள்’. உலகத்தில் உள்ள சகலமும் இந்த இரண்டில் ஒன்றில் அடங்கிவிடுகிறது. வேதாந்திகள் ஆயிரம் பக்கம் எழுதிச் சொல்ல முடியாததைக் கம்பெனி ஒரு டிக் அடித்துச் சொல்லிவிட்டது.

மண்ணாங்கட்டி இந்தத் தத்துவத்தை ஒரு ஆட்டுக்கிடாவிடம் இருந்து கற்றார். கிடாவைச் சந்தைக்குப் பிடித்துக்கொண்டு போனவரிடம் கோமதிநாயகம் என்ன வகை என்று கேட்டார். விலை படிந்தால் விற்கலாம், படியாவிட்டால் திரும்ப ஓட்டி வரலாம் என்ற நினைப்பில், “ரிட்டனபுள்னே போடுங்க சார்” என்று இவர் சொல்லிவிட்டார். விலை படிந்துவிட்டது. கையை வீசிக்கொண்டு வந்தவரைக் கேட்டில் மடக்கினார்கள்.

“ஆடு எங்க, அண்ணாச்சி?”

“வித்துட்டேன் சார்.”

“திரும்பி வரும்னு எழுதிக் கொடுத்திருக்கியல்லா. ஆடு வராம கணக்கு முடியாது.”

“இந்நேரம் அது பிரியாணி ஆயிருக்கும் சார்.”

“பிரியாணியா வந்தாலும் ஆட்சேபணை இல்ல. மொத்தமா வரணும்.”

கடைசியில் மச்சானிடம் கைமாற்றாக ஒரு ஆடு வாங்கி ஓட்டிக்கொண்டு வந்த பிறகுதான் அவரால் உள்ளே நுழைய முடிந்தது. மச்சானுடைய ஆடு இன்றும் தீவில்தான் இருக்கிறது. அதை வெளியே கொண்டுபோக என்ன எழுதுவது என்று யாருக்கும் விளங்கவில்லை. மண்ணாங்கட்டி வருத்தப்படவில்லை. பாடம் கற்றுக்கொண்டேன் என்றார். போவது திரும்பி வராது என்று தெரிந்தால், கூச்சப்படாமல் நான்-ரிட்டர்னபிள் என்று எழுதிவிட வேண்டும். இதைப் பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய ஒரே மகள் தேசம்மாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை மாசானம், திருநெல்வேலிப் பக்கம். கைப்பிடிக்குப் பாலிஷ் போடும் பிரிவில் காண்ட்ராக்ட் வேலை. அவனுடைய மெஷினுக்கு எதிர் ஜன்னல் வழியாகத் தேசம்மா வீட்டு அடிபம்பு தெரியும். ஒரு கோடைக்காலம் முழுக்க அவனுக்குத் தாகம் எடுத்தது. ஷிப்டில் பிறந்த காதல் ஓ.டி.யில் வளர்ந்தது. கழுத்தில் தாலி கட்டப் போகிறவன் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறதா என்று மட்டும் மண்ணாங்கட்டி பார்த்தார். தொங்கியது. சம்மதித்துவிட்டார்.

குன்றத்தூர் முருகன் கோயிலில் கல்யாணம். கேட்டுக்கு வெளியே வேன் வந்து நின்றது. தலை நிறையப் பூ, பூவுக்கு மேல் ஹெல்மெட் என்று தேசம்மா மஞ்சள் கோட்டில் நடந்து வந்தாள். பின்னால் கட்டில், பீரோ, குடம், குத்துவிளக்கு. கோமதிநாயகம் ஒவ்வொன்றாகப் பார்த்து, சீர்ப்பொருள்களுக்கு எல்லாம் நான்-ரிட்டர்னபிள் போட்டு முடித்தார். பிறகு நிமிர்ந்தார்.

“பொண்ணுக்கு என்ன போட? ரிட்டர்னபிளா, நான்-ரிட்டர்னபிளா?”

“அப்பிடின்னா இன்னாய்யா?” என்று பாப்பம்மாள் புருஷனைக் கேட்டாள்.

“போறவ திரும்பி வருவாளா, வரமாட்டாளான்னு சார் கேக்கறாரு.”

“நல்ல நாளும் அதுவுமா இன்னா கேள்வி இது? வாக்கப்பட்டுப் போற பொண்ணு எதுக்குத் திரும்பி வருது? போன எடத்துல பூவும் பொட்டுமா கெடந்து வாயட்டும். வராதுன்னே போடச் சொல்லு.”

“கேட்டீங்களா சார்? நான்-ரிட்டனபுளு” என்றார் மண்ணாங்கட்டி. இந்தத் தடவை தவறு செய்யவில்லை என்ற திருப்தி அவர் குரலில் இருந்தது.

கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரில் அவருக்கும் இரண்டு பெண்கள் கட்டிக்கொடுக்க இருந்தார்கள். கொட்டை எழுத்தில் எழுதி, அடிக்கோடிட்டு, “நல்லா இருக்கட்டும், தாயீ” என்று சொல்லிச் சீட்டை நீட்டினார். மண்ணாங்கட்டி கையெழுத்துப் போட்டார். கூடியிருந்த பெண்கள் குலவை விட்டார்கள். ஒரு பெண்ணை இவ்வளவு தெளிவாகப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிய தகப்பன் அந்த வட்டாரத்தில் அதுவரை கிடையாது.

மறுவீட்டு விருந்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாசானம் அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனான். தேசம்மா கேட்டிலேயே நிறுத்தப்பட்டாள்.

“அவளையும் விடுங்க அண்ணாச்சி” என்று மாசானம் திரும்பி வந்தான்.

“நீ எம்ப்ளாயி, போலாம். அந்தப் பிள்ளை வர முடியாது.”

“அவ பொறந்த வீடுல்லா அது?”

“இருக்கட்டும் மக்கா. நான்-ரிட்டர்னபிள்னு வெளிய போன பொருள் உள்ள வரணும்னா, ஒரே வழி கஸ்டமர் ரிட்டர்ன்தான். கஸ்டமர் நீ. எதுக்குத் திருப்பி அனுப்புதேன்னு காரணம் எழுதிக் கொடு. அளவு சரியில்லையா, பாலிஷ் போயிட்டா, என்ன குறைன்னு போடு. உடனே விட்டுருதேன்.”

தேசம்மா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். “எய்திக் குடுத்துடுவியா நீ?”

“ஆத்தாடி, நான் எழுதல” என்றான் மாசானம்.

செய்தி உள்ளே போனது. மண்ணாங்கட்டி ஓடி வந்தார். குறை இருப்பதாக எழுதி மகளை உள்ளே அழைத்தால், புருஷன் தள்ளிவைத்தவள் என்று ரெக்கார்டில் நின்றுவிடும். அதற்கு எந்தத் தகப்பன் சம்மதிப்பான்? முடிவில் மறுவீட்டு விருந்து விதிமுறைக்கு உட்பட்டே நடந்தது. உள்ளே மாசானம் தனியாக இலை போட்டுச் சாப்பிட்டான். கேட்டுக்கு வெளியே, ‘உலகத்துக்கே கதவு திறக்கிறோம்’ என்று எழுதிய கம்பெனிப் பலகை நிழலில் உட்கார்ந்து தேசம்மா தூக்குச்சட்டியில் வந்ததைச் சாப்பிட்டாள். தூக்குச்சட்டி ரிட்டர்னபிள். கோழிக்குழம்பு நான்-ரிட்டர்னபிள்.

“சட்டம்னா சட்டம்தாம்மே. நம்ம பொண்ணுன்னு தனியாவா வெப்பாங்க?” என்று மண்ணாங்கட்டி வீட்டில் சொல்லிப் பார்த்தார். பாப்பம்மாள் குழம்புச் சட்டியை எடுத்து உள்ளே வைத்தாள். அவர் தட்டில் வெறும் சோறுதான்.

அடுத்து ஒரு நல்ல செய்தி வந்தது. தேசம்மா முழுகாமல் இருந்தாள். குன்றத்தூரில் மாசானத்துக்கு இருந்தது ஒற்றை ரூம். தண்ணீர் லாரி வந்தால் தண்ணீர். நைட் ஷிப்ட் போட்டால் அவள் தனியாகக் கிடக்க வேண்டும். பாப்பம்மாள் புருஷன் எதிரில் வந்து நின்றாள்.

“தலப்பிரசவம் என் வூட்லதான். பொண்ண உள்ள இட்டாறது உன் வேல. எய்திக் குடுத்தது உன் கைதான? முடியலன்னா சொல்லிடு. நான் குன்றத்தூர் பூட்றேன், நீ இந்தத் தீவுல தனியா ராஜாவா குந்திகினு இரு.”

மண்ணாங்கட்டி கேட்டுக்குப் போனார். வெளியே மகள் வந்து நின்றிருந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று “நல்லாகீறியாப்பா?” என்று கேட்டாள். கம்பெனி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக மண்ணாங்கட்டிக்கு எதையும் பாராட்டத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

“சார், நீங்கதான் வயி சொல்லணும்” என்று கோமதிநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கோமதிநாயகமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, விதிமுறைப்படி நெகிழ்கிறவர். “விசிட்டர்னு விட முடியாது, பொருள்னு வெளிய போனது ஆளா உள்ள வராது. கச்சாப்பொருள்னு விடலாம், வாங்கின பில் கேப்பாங்க. பொறுங்க, யோசிக்கேன்.” யோசித்தார். திடீரென்று அவர் மீசை விரிந்தது.

“ஜாப் ஒர்க்.”

“அப்பிடின்னா?”

“ஒரு கம்பெனி தன் பொருளை இன்னொரு இடத்துக்கு வேலைக்கு அனுப்பும். அங்க அதுல ஒரு வேலை நடக்கும். முடிஞ்சதும் உடமைக்காரனுக்கே திரும்பிப் போயிரும். உடமைக்காரன் மாசானம். வேலை நடக்குற இடம் உங்க வீடு. வேலை பிரசவம். முடிஞ்சதும் அவன்கிட்டயே அனுப்பிருதிய. சட்டத்துல ஒரு ஓட்டை கிடையாது பாத்துக்கிடுங்க.”

மண்ணாங்கட்டி அவரைக் கட்டிக்கொண்டார். மாசானம் உடனே எழுதிக் கொடுத்தான். ‘எனது மனைவி, எண்ணிக்கை ஒன்று, பிரசவ வேலைக்காக அனுப்பப்படுகிறது. வேலை முடிந்ததும் நல்ல நிலையில் திருப்பித் தரவும்.’ தேசம்மா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மஞ்சள் கோட்டில் நடந்து வீடு வந்து சேர்ந்தாள். பாப்பம்மாள் ஆரத்தி எடுத்தாள். அன்று மண்ணாங்கட்டிக்குக் குழம்போடு வறுவலும் கிடைத்தது. கம்பெனி நல்ல கம்பெனிதான், கேட்கிற விதமாகக் கேட்டால் எதற்கும் அதில் ஒரு வழி இருக்கிறது என்று மறுபடியும் சொல்ல ஆரம்பித்தார்.

பிரசவ நாள் நெருங்கிய சமயத்தில், கைப்பிடி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் கண்ணில் குடிசையும் எருக்குழியும் படக்கூடாது என்பதில் நிர்வாக மேலாளர் உறுதியாக இருந்தார். ஊரைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டச் சொன்னார். பேனரில் பச்சைப்பசேல் என்று நெல்வயல் படம். வயல் இருந்த அதே இடத்தில் வயல். அசல் வயலில் களை இருக்கும், பூச்சி இருக்கும். இதில் ஒன்றும் கிடையாது. பெரியப்பா கட்டிலில் இருந்து எட்டிப் பார்த்து, “அறுப்புக்கு எப்ப ஆளு உடறீங்க?” என்று கேட்டார்.

விருந்தினர் போகும்வரை கேட் திறக்கக்கூடாது, ஊரார் பேனருக்கு வெளியே தலைகாட்டக்கூடாது என்று உத்தரவு. அன்று காலையில்தான் தேசம்மாவுக்கு வலி எடுத்தது.

மண்ணாங்கட்டி பேனரைக் கிழிக்காத குறையாகக் கேட்டுக்கு ஓடினார். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போக வெளியே ஆட்டோவோடு மாசானம் நின்றிருந்தான். நடுவில் பூட்டு.

“சார், தெறங்க சார். பொண்ணு துடிக்கிறா.”

கோமதிநாயகம் வாக்கி-டாக்கியில் மேலிடத்தைக் கூப்பிட்டார். “சார், ஜாப் ஒர்க் ஒண்ணு அவசரமா வெளிய போணும். ஓவர்.”

“விருந்தினர் உள்ளே நடந்து வந்துகொண்டிருக்கிறார்கள். எந்தப் பொருளும் நகரக் கூடாது. ஓவர்.”

“சார், இது உயிர் சார். ஓவர்.”

“வெயிட் பண்ணச் சொல்லுங்க. ஓவர்.”

மகள் போய்விடுவாளோ என்று மண்ணாங்கட்டி பயந்தார். வேறு எதுவும் அவர் மனதில் இல்லை. தீவும் தெரியவில்லை, பெருமையும் தெரியவில்லை. கோமதிநாயகம் மேலிடத்தை மறுபடி மறுபடி கூப்பிட்டார், அங்கே வாக்கி-டாக்கியை அணைத்துவிட்டிருந்தார்கள். மண்ணாங்கட்டி வந்த வழியே திரும்பி ஓடினார். வீட்டு வாசலில் பெண்கள் அவரை மறித்தார்கள். உள்ளே பாப்பம்மாள் குரலும் மகள் அலறலும் மாறி மாறிக் கேட்டன. சரியாக வெளிநாட்டு விருந்தினர் பேனர் வயலைக் கடந்து போகும் நேரத்தில், வயலுக்குப் பின்னால் இருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

விருந்தினர்கள் நின்றார்கள். அது என்ன சத்தம் என்று கேட்டார்கள். நிர்வாக மேலாளர் நொடிகூடத் தயங்கவில்லை. தொழிலாளர்களின் மன அமைதிக்காகக் கிராமத்து ஓசைகளைப் பதிவுசெய்து ஒலிபரப்புகிறோம் என்று இங்கிலீஷில் சொன்னார். விருந்தினர்கள் கை தட்டினார்கள். ஒலிப்பதிவின் தரத்தை மிகவும் பாராட்டினார்கள்.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். மண்ணாங்கட்டி வாசலில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பாப்பம்மாள் வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டவில்லை.

மூன்றாம் மாதம் தேசம்மா புருஷன் வீட்டுக்குக் கிளம்பினாள். கேட்டில் மாசானம் காத்திருந்தான். மண்ணாங்கட்டி பேத்தியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கோமதிநாயகம் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சிவிட்டு, சீட்டு எழுதக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே வந்தது ஒன்று, வெளியே போவது இரண்டு. அவர் உத்தியோக வாழ்க்கையில் இப்படி ஒரு கணக்கு வந்ததில்லை. நிர்வாக மேலாளரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

மேலாளர் வந்து பார்த்தார். “எக்ஸ்ட்ரா ஒண்ணு எங்கேர்ந்து வந்தது?”

“வேலை முடிஞ்சு வந்தது சார்” என்றான் மாசானம்.

“அப்படின்னா இந்த வளாகத்துக்குள்ளே உற்பத்தியான பொருள். கம்பெனி முத்திரை இல்லாம வெளியே போக முடியாது.”

“எங்க வூட்ல பொறந்தது சார்” என்றாள் தேசம்மா.

“வீடு உங்களுதுதாம்மா, யார் இல்லேன்னது? ஆனா வீட்டைச் சுத்தி எல்லாம் கம்பெனி. இங்கேர்ந்து ஒரு ஆணி வெளியே போனாலும் அது என்னன்னு எழுதியாகணும். எங்க சிஸ்டம் அப்படி.”

பின்னால் கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தன. வெயில் ஏறியது. குழந்தை சிணுங்கியது. மாசானம் முஷ்டியை மடக்கினான். அவன் காண்ட்ராக்ட் ஆள், முஷ்டியை ஓங்கினால் வேலை போய்விடும் என்று தேசம்மா அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மேலாளர் மனிதாபிமானம் உள்ளவர், வழி தேடினார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மலர்ந்தது.

“ஒண்ணு பண்ணலாம். எங்கேர்ந்து வந்ததுன்னு கணக்கு கேக்காம வெளியே விடற பொருள் ஒண்ணே ஒண்ணுதான். ஸ்க்ராப். குழந்தையை ஸ்க்ராப்னு போட்டுடுங்க. ஒரு நிமிஷத்துல போயிடலாம். உங்களுக்காகத்தான் செய்யறேன்.”

கோமதிநாயகம் பேனாவை மூடினார். “சார், பச்ச மண்ணு சார் இது. இதைப் போயி ஸ்க்ராப்னு எழுதச் சொல்லுதியளே. என்னால ஆகாது.”

மேலாளர் பேனாவைத் தானே வாங்கிக்கொண்டார். எல்லாரும் மண்ணாங்கட்டியைப் பார்த்தார்கள். அவர் பேத்தியை மகள் கையில் கொடுத்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கம்பெனியைப் பாராட்டும்போது பேசுகிற அதே பணிவான குரலில் சொன்னார்:

“எய்திக்குங்க சார். நெல்லு வெளஞ்ச பச்ச மண்ணத் தரிசுன்னு எய்தித்தான எங்ககிட்டேர்ந்து எடுத்துகினீங்க. இத்த ஸ்க்ராப்புன்னு எய்தறதுக்கு இன்னா கூச்சம்?”